நாகலூர்ச் செம்மண்ணும் ஒரு பிளேடின் துருவும்

சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டங்களுக்குள் போகும் மண்பாதைகள் மழைக்காலத்தில் ஒரே நிலையில் இருப்பதில்லை. மேட்டுப் பக்கத்து மண் சரிந்து பாதையில் விழும். தண்ணீர் ஓடிய இடம் வாய்க்காலாகும். மம்பட்டியும் கடப்பாரையும் கொண்டு ஆட்கள் நாள்கணக்கில் செய்துவந்த வேலையை, இப்போது மினி டிராக்டரில் மாட்டிய மண் தள்ளும் பிளேடு ஒரு பொழுதில் முடித்துவிடுகிறது. மழை நின்று காபிப் பழம் பறிக்கும் வேலை தொடங்கியதும் அந்த பிளேடைக் கழற்றி ஷெட் ஓரம் சாய்த்து வைப்பார்கள். மாசி மாதம் வந்து பார்த்தால் பெயின்ட் அங்கங்கே கொப்புளித்திருக்கும். கொப்புளத்தை நகத்தால் கீறினால் உள்ளே செந்தூளாக உதிரும். அந்தத் தூள் எது, பிளேடில் ஒட்டிக் காய்ந்த நாகலூர் மண் எது என்று கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம்.

இரண்டும் ஒரே நிறத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டுக்கும் நிறம் தருவது இரும்பு ஆக்சைடுதான். அந்த பிளேடுக்கு அடுத்து அடிக்கப்போகும் ரெட் ஆக்சைடு பிரைமரின் சிவப்பும் அதே பொருள். மண்ணில் இருப்பதும், இரும்பைத் தின்பதும், இரும்பைக் காப்பதும் ஒன்றாக இருப்பது எப்படி என்று புரிந்துகொண்டால், பெயின்ட் அடிக்கும் வேலையில் எதைக் கவனிக்க வேண்டும், எதற்கு வீணாகச் செலவு செய்கிறோம் என்பதும் புரிந்துவிடும்.

மலையிலிருந்தே தொடங்குவோம். சேர்வராயன் மலையின் உடம்பு சார்னோகைட் என்ற கடினமான, கருமை கலந்த பாறை. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். அந்தப் பாறையில் இரும்பு கலந்த கனிமங்கள் உண்டு. மழையும் வெயிலும் லட்சக்கணக்கான ஆண்டுகளாக அந்தப் பாறையின் மேற்பகுதியைக் கரைத்தன. கரையக்கூடிய சுண்ணாம்புச் சத்து, சோடியம், பெரும்பகுதி சிலிக்கா எல்லாம் தண்ணீரோடு போய்விட்டன. கரையாத இரும்பும் அலுமினியமும் ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் சேர்ந்து அங்கேயே தங்கின. மலையுச்சியில் அலுமினியம் மிகுந்த பகுதி பாக்சைட் ஆனது. மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பல காலம் இங்கிருந்துதான் அந்தக் கல் போனது. இரும்பு மிகுந்த பகுதி செம்மண்ணும் செம்பாறையும் ஆனது. சாலைக்காக வெட்டிய கரைகளில் நாம் பார்க்கும் சிவப்பு ஹெமடைட்டின் நிறம். மஞ்சள் கலந்த பழுப்பு கோதைட்டின் நிறம். இரண்டும் இரும்பு ஆக்சைடு வகைகள். பிளேடின் துருவை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தாலும் கோதைட் இருக்கும். மலை மெதுவாகத் துருப்பிடித்து மண்ணாகியிருக்கிறது என்று சொன்னால் வேதியியல்படி அது மிகையில்லை.

மலையிலிருந்து கீழே இறங்கினால் சேலத்துக்குத் தென்மேற்கே கஞ்சமலை. அங்கே இருப்பது மேக்னடைட் என்ற கறுப்பு இரும்புத்தாது. காந்தம் வைத்தால் ஒட்டும். அந்தத் தாதுவை மரக்கரியோடு உலையிலிட்டு இரும்பு எடுக்கும் தொழில் சேலம் வட்டாரத்தில் மிகப் பழையது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-ல் பறங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியபோது சேலத்துத் தாதுவை நம்பித்தான் தொடங்கினார். தாதுவுக்குக் குறைவில்லை, கரிக்கு மரம்தான் போதவில்லை. ஏன் அவ்வளவு கரி? இரும்பு ஆக்சிஜனை லேசில் விடாது. பிரித்தெடுக்கப் பெரும் வெப்பமும், ஆக்சிஜனை வாங்கிக்கொள்ள வேறொரு பொருளும் வேண்டும். கரி இரண்டையும் தருகிறது. அப்படிப் பாடுபட்டுப் பிரித்த இரும்பு, ஈரமும் காற்றும் கிடைத்த கணத்திலிருந்து பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்குகிறது. பிளேடின் தடித்த துருவைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மேலே சிவப்புத் தூள், அடியில் இரும்பை ஒட்டிக் கருநிறச் செதில்கள். அந்தக் கருஞ்செதிலைக் காந்தத்தருகே கொண்டுபோனால் துள்ளி ஒட்டும். அதில் மேக்னடைட் இருக்கிறது. கஞ்சமலையில் வெட்டிய தாது எதுவோ, அதுவே உங்கள் ஷெட்டில் மறுபடி உருவாகியிருக்கிறது.

இந்தத் திரும்புதல் எப்படி நடக்கிறது என்பதை அழகாகக் காட்டியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யூ.ஆர். எவன்ஸ். 1920-களில் அவர் செய்த சோதனைக்கு வேண்டியது ஓர் இரும்புத் தகடும் ஒரு சொட்டு உப்புத் தண்ணீரும்தான். இரும்பு கரைந்தால் நீலமாகவும், காரத்தன்மை தோன்றினால் இளஞ்சிவப்பாகவும் காட்டும் இரண்டு மருந்துகளைத் தண்ணீரில் கலந்தார். சொட்டை வைத்த சிறிது நேரத்தில் நடுப்பகுதி நீலம், விளிம்பு இளஞ்சிவப்பு. இடையில் வளையமாகத் துரு.

ஏன் அப்படி? சொட்டின் விளிம்பு மெல்லியது. காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதில் உள்ளே போகும். நடுவில் அது எட்டாது. ஆக்சிஜன் நிறையக் கிடைக்கும் விளிம்பில் அது எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. அந்த எலெக்ட்ரான்களைக் கொடுப்பது ஆக்சிஜன் கிடைக்காத நடுப்பகுதி இரும்பு. கொடுத்துவிட்டு அது அயனியாகக் கரைகிறது. ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் ஒரு சிறு பேட்டரியே ஓடுகிறது.

இதிலிருந்து வரும் முடிவு பலரும் நினைப்பதற்கு நேர்மாறானது. காற்றுப் படும் இடத்தை விட, காற்றுப் படாமல் ஈரமாக மூடிக்கிடக்கும் இடத்தில்தான் இரும்பு ஆழமாக அரிக்கப்படுகிறது. பிளேடின் முன்முகம் மண் உரசி உரசிப் பளபளவென்று இருக்கும். பின்புறம், பட்டைகள் வெல்டிங் செய்த மூலைகளில், ஈர மண் கட்டியாக அப்பிக்கிடக்கும். சில்வர் ஓக் சருகுகள் அதில் ஒட்டியிருக்கும். யாரும் பார்க்காத அந்த மூலையில்தான் குழி விழும். வேலை முடிந்ததும் முன்முகத்தைத் துடைத்துவிட்டுப் பின்புறத்தை விட்டுவிடுவது, காயாத இடத்துக்குக் கட்டுப்போட்டு அழுக விடுவதற்குச் சமம்.

மலையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஏற்காட்டு மூடுபனியின் மேல் மட்டும் பழியைப் போடுவது சரியல்ல. 1930-களில் டபிள்யூ.ஹெச்.ஜே. வெர்னன் என்ற வேதியியலாளர் காட்டியது இது: காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை இரும்பு துருப்பிடிப்பது மிக மந்தமாக இருக்கிறது, அந்த வரம்பைத் தாண்டும்போது, கூடவே காற்றில் அசுத்தமும் இருந்தால், வேகம் திடீரென ஏறுகிறது. ஈரம் வழியைத் திறக்கிறது. அந்த வழியில் வேகமாக ஓட வைப்பது உப்பு. அதனால்தான் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கடற்கரையில் சில மாதங்களில் ஒரு தகட்டுக்கு ஆகும் சேதம் உள்நாட்டில் ஆக நெடுங்காலம் பிடிக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில், 1953 ஜனவரி 14-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி வைத்து ஆராய்ந்தது. நாட்டின் அரிமான வரைபடத்தைத் தயாரித்ததும் அதே நிறுவனம்தான். பக்கத்திலேயே பாம்பன் பாலம். 1914-ல் திறந்த அந்தப் பாலத்துக்குப் பெயின்ட் அடிப்பது ஓயாத வேலையாக இருந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நிறுத்தப்பட்டது, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது.

கடல் இல்லாத நாகலூரில் உப்பு எங்கிருந்து வருகிறது? நாமே மூட்டையில் கொண்டுவருகிறோம். காபிக்கும் மிளகுக்கும் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு குளோரைடு. உரமூட்டை அடுக்கிய ஷெட்டிலேயே பிளேடும் சாய்ந்து கிடந்தால், சிந்திய உரத்தூள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பின் மேல் உப்புத் தண்ணீராக உட்காரும். காபிப் பழம் உரிக்கும் இடத்துக் கழிவுநீர் புளித்து அமிலமாகும். அதுவும் இரும்புக்கு ஆகாது. கனடாவில் வீட்டு முற்றத்துப் பனியைத் தள்ளச் சிறு டிராக்டரில் பிளேடு மாட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே தலைவலிதான். அங்கே பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு பிளேடின் அடியில் சேர்ந்து தின்கிறது. டொராண்டோவில் உறவினர் உள்ளவர்கள் கேட்டுப் பார்க்கலாம். காரின் அடிப்பாகம் அங்கே எவ்வளவு சீக்கிரம் ஓட்டையாகிறது என்று கதைகதையாகச் சொல்வார்கள்.

இரும்பும் தோட்டத்து மருந்தும் சந்திக்கும் இன்னோர் இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பருவமழைக்கு முன் காபிக்கும் மிளகுக்கும் போர்டோ கலவை தெளிப்பார்கள். பிரான்சில் போர்டோ நகரத்துத் தாவரவியலாளர் மில்லார்டே திராட்சைக் கொடிக்காக 1885-ல் வெளியிட்ட மருந்து அது. ஒரு கிலோ மயில்துத்தம் (செம்பு சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க விவசாயிகள் தேய்த்துப் பளபளப்பாக்கிய கத்தியையோ அரிவாளையோ கலவைக்குள் முக்கி எடுப்பார்கள். கத்தி அப்படியே இருந்தால் கலவை சரி. செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். நடப்பது என்னவென்றால், சுண்ணாம்பு கட்டிப்போடாத செம்பு அயனிகள் இரும்பிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறித்துக்கொண்டு செம்பு உலோகமாகக் கத்தியின் மேல் படிகின்றன. அதற்கு ஈடாக இரும்பு கரைகிறது. கத்தியின் முனையில் அரை நிமிடத்தில் தெரியும் அந்தச் செம்பு நிறம் ஓர் ஆய்வக முடிவுக்குக் குறைந்ததல்ல. அதே காரணத்தால்தான் இந்தக் கலவையை இரும்புப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது, தெளிப்பு நடக்கும் நாளில் பிளேடையும் கருவிகளையும் மூடி வைக்க வேண்டும். இரும்பின் மேல் படிந்த ஒரு துளிச் செம்பு தன்னைச் சுற்றியுள்ள இரும்பைத் தொடர்ந்து கரைய வைக்கும்.

இனி பெயின்ட். பெயின்ட் என்றால் இரும்புக்கு மழைக்கோட்டு போட்டதுபோல, தண்ணீரும் காற்றும் உள்ளே போகாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 1950-களில் ஜே.இ.ஓ. மேய்ன் என்ற ஆய்வாளர் இதை அளந்து பார்த்தார். சாதாரணப் பெயின்ட் படலத்தின் வழியாகப் போகும் தண்ணீரும் ஆக்சிஜனும், வெறும் இரும்பு துருப்பிடிப்பதற்குத் தேவையான அளவை விடக் குறையவில்லை. அப்படியானால் பெயின்ட் அடித்த இரும்பு ஏன் துருப்பிடிக்காமல் இருக்கிறது? எவன்ஸின் சொட்டில் பார்த்த பேட்டரி ஓட வேண்டுமானால் தண்ணீரின் வழியே அயனிகள் இங்குமங்கும் நகர வேண்டும். பெயின்ட் படலம் அந்த நகர்வைத் தடுக்கிறது. தண்ணீரை விட்டுவிடும், உப்பின் அயனிகளை விடாது.

பெயின்ட் வேலையின் சூட்சுமம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது. அயனிகளைத் தடுக்கும் சுவரை எழுப்பும்போது அயனிகளை உள்ளேயே வைத்து மூடிவிட்டால் சுவரால் பயன் என்ன? பொட்டாஷ் தூளோ, கைவியர்வையின் உப்போ இரும்பின் மேல் இருக்க, அதன் மேலேயே பெயின்ட் அடித்தால், வெளியிலிருந்து தண்ணீர் படலத்தின் ஊடாக அந்த உப்பை நோக்கி ஊறிப்போகும். வேர் தண்ணீரை இழுப்பதும் இதே சவ்வூடு பரவலால்தான். உள்ளே தண்ணீர் சேரச் சேரப் படலம் கொப்புளமாக எழும். கொப்புளத்துக்குள் உப்புத் தண்ணீர், அதற்கடியில் வெறும் இரும்பு. துரு பிடிக்கும்போது அது தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த வீக்கம் பக்கத்துப் பெயின்டையும் நெம்பித் தூக்கும். மாசி மாதம் நகத்தால் கீறிப் பார்த்த கொப்புளத்தின் வரலாறு இதுதான். விலை உயர்ந்த பெயின்ட் வாங்கியும் ஒரு மழைக்காலம் தாங்கவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இரும்பைக் கழுவாமல் அடித்தவர்கள்.

ஆகவே முதல் வேலை தண்ணீர் ஊற்றிக் கழுவுவது. துருவைச் சுரண்டுவதற்கு முன்பே கழுவ வேண்டும்; இல்லையென்றால் கம்பி பிரஷ் உப்பை இரும்பின் குழிகளுக்குள் தேய்த்து அனுப்பிவிடும். எண்ணெய்ப் பசையைச் சோப்புத் தண்ணீரிலோ டின்னரிலோ நீக்கி, காய்ந்தபின் சுரண்டியும் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும். பழைய டிராக்டர் உபகரணங்களின் மஞ்சள், ஆரஞ்சுப் பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அவற்றை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்ப்பதும், மாஸ்க் போடுவதும், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துவதும் அவசியம். வீட்டுப் பெயின்ட்டுகளில் ஈயத்தை 90 பிபிஎம் அளவுக்குள் நிறுத்தும் விதி 2016-ல்தான் வந்தது.

சுரண்டியும் போகாமல் குழிகளில் தங்கும் துருவை என்ன செய்வது? இதற்கு இரண்டு வழிகள். இரண்டுக்கும் நம்மூரில் பழைய சாட்சி உண்டு. வாழைக்காயோ வாழைப்பூவோ நறுக்கினால் இரும்புக் கத்தி கறுத்துப்போகும். அவற்றிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கருநீலச் சேர்மமாகிறது. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை செய்ததும் இதனால்தான். டானின் கலந்த துருமாற்றிகள் கடையில் கிடைக்கின்றன. தடவினால் செந்துரு கறுத்து, உதிராத படலமாக இறுகும். அருங்காட்சியகங்களில் பழைய இரும்புப் பொருள்களைக் காக்க டானிக் அமிலம் பயன்படுவதும் இதே வித்தை. இன்னொன்று பாஸ்பாரிக் அமிலம். அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. டெல்லி இரும்புத்தூண் 1,600 ஆண்டுகளாக வெளியில் நின்றும் அழியாததற்கு அதன் இரும்பிலேயே மிகுந்திருக்கும் பாஸ்பரஸ்தான் காரணம் என்று கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார். மரக்கரியில் உருக்கி, சுண்ணாம்பு சேர்க்காமல் எடுத்ததால் பாஸ்பரஸ் இரும்பிலேயே தங்கியது. அது மேற்பரப்பில் மெல்லிய பாஸ்பேட் படலத்தை உண்டாக்கி இன்றும் தூணைக் காக்கிறது. எந்த மாற்றியானாலும் தளர்ந்த துருவைச் சுரண்டிய பிறகுதான் தடவ வேண்டும். செதில் செதிலாகத் தொங்கும் துருவின் மேல் தடவினால் மேல்தோல் மட்டும் மாறும், அடியில் அரிப்பு தொடரும்.

புதிதாக வாங்கிய தகட்டில் பிளேடு செய்தால் வேறொரு கவலை. உருளையில் சூடாக உருட்டி வந்த தகட்டின் மேல் நீலக்கறுப்பாக ஒரு படலம் இருக்கும். அதுவும் இரும்பு ஆக்சைடுதான், பார்க்க அழகாகவும் இருக்கும். பட்டறைகளில் அதன் மேலேயே பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் படலத்தில் விரிசல் விழுந்த இடத்தில் வெறும் இரும்பு வெளியே தெரிந்து, படலம் முழுவதும் சேர்ந்து அந்தச் சிறு விரிசலைத் தின்ன வைக்கும். செய்யக் கொடுக்கும்போதே அதைத் தேய்த்து நீக்கச் சொல்லிக் கேட்டு வாங்குவது நல்லது.

தேய்த்து வெள்ளி போல மின்னும் இரும்பை ராத்திரி விட்டுவைக்கக் கூடாது. மலையில் இரவு வானம் தெளிந்திருந்தால் இரும்புத்தகடு தன் வெப்பத்தை வானத்துக்கு வீசி, சுற்றுக் காற்றை விடவும் குளிர்ந்துவிடும். காற்றின் ஈரம் கண்ணுக்குத் தெரியாத படலமாக அதன் மேல் படியும். விடிந்து பார்த்தால் ஆரஞ்சு நிறப் பூச்சு. மேலும், காலையில் வெயில் ஏறி நமக்கு இதமாக இருக்கும்போதும் கனமான பிளேடு உள்ளுக்குள் சில்லிட்டே இருக்கும். அந்த நேரத்தில் அடித்த பெயின்ட் ஈரத்தின் மேல் உட்கார்ந்து பற்றாமல் போகும். பனி படியும் வெப்பநிலையை விட இரும்பு குறைந்தது 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் தொழிலின் உலகளாவிய விதி. கருவி இல்லாதவர்கள் ஈரத்துணியால் பிளேடில் ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாம். சில நிமிடங்களில் கோடு காய்ந்து மறைந்தால் அடிக்கலாம். மறையாமல் நின்றால் பொறுக்க வேண்டும். நாகலூர் போன்ற ஊரில் பத்தரை பதினொரு மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டு மணிக்குள் முடித்துவிடுவது உத்தமம். சாயங்கால மஞ்சு இறங்குவதற்குள் மேற்பரப்பு காய்ந்திருக்க வேண்டும்.

ரெட் ஆக்சைடு பிரைமருக்கு வருவோம். அதன் சிவப்பு ஹெமடைட். சாலை வெட்டுக்கரையில் பார்த்த அதே கனிமம். துருவும் இரும்பு ஆக்சைடு, பிரைமரும் இரும்பு ஆக்சைடு என்றால் ஒன்று கெடுப்பதும் ஒன்று காப்பதும் எப்படி? ஆக்சிஜனோடு முழுமையாகச் சேர்ந்துவிட்ட இரும்புக்கு இனிப் போக வேறு நிலை இல்லை. அதற்குமேல் அது துருப்பிடிக்காது, வெயிலில் வெளிறாது, தண்ணீரில் கரையாது. பீம்பேட்காவின் பாறைக் குகைகளில் செங்காவி ஓவியங்கள் இன்னும் தெரிவது அதனால்தான். துரு கெடுதல் செய்வது அதன் வேதியியலால் அல்ல, அமைப்பால். பொடிப்பொடியாக, இடைவெளிகளோடு, ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொண்டு இரும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதே பொருளை நுண்ணிய தூளாக அரைத்து, எண்ணெய்ப் பிசினில் குழைத்து, இடைவெளியில்லாத படலமாகத் தடவினால் அயனிகள் கடந்து போக வேண்டிய வழி நீண்டு வளைந்துவிடுகிறது. ஈபிள் கோபுரம் 1889-ல் திறந்தபோது அதுவும் செந்நிறமாகத்தான் இருந்தது. இன்றும் சுமார் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை 60 டன் பெயின்ட் அதன் மேல் ஏறுகிறது.

ரெட் ஆக்சைடைத் தாண்டிப் போக விரும்புபவர்களுக்கு ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இருக்கிறது. சற்று விலை கூடுதல். ஈரம் உள்ளே வந்தால் அதிலிருந்து கசியும் பாஸ்பேட் இரும்பின் மேல் காப்புப் படலத்தை உண்டாக்கும்; டெல்லித் தூண் தானாகச் செய்துகொண்டதை இது டப்பாவிலிருந்து செய்கிறது. மலைப்பகுதிக்கு இதுவே சிறந்தது என்பது என் கருத்து. அதற்கு மேல் எனாமல் இரண்டு கோட். எனாமல் காய்வது தண்ணீர் ஆவியாவதால் அல்ல. டின்னர் பறந்துபோன பிறகு அதிலுள்ள எண்ணெய் மூலக்கூறுகள் காற்றின் ஆக்சிஜனை வாங்கி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகுகின்றன. இரும்பைக் கெடுக்கும் ஆக்சிஜனே பெயின்டைக் கெட்டியாக்குகிறது. இந்தக் கோர்ப்புக்கு நேரம் கொடுக்காமல் தடிமனாக ஒரே கோட் அடித்தால் மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே குழைவாகவே இருக்கும். காய்ந்த ஒரு கோட்டின் தடிமன் 30 முதல் 50 மைக்ரான்; நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். மெல்லிய கோட்டுகளாக, ஒன்று காய்ந்தபின் ஒன்று என்று அடிப்பதுதான் வழி.

கூரிய விளிம்புகளில் பரப்பு இழுவிசை ஈரப் பெயின்டை விளிம்பிலிருந்து பின்னுக்கு இழுத்துவிடுகிறது. பார்க்க மூடியதுபோல் இருக்கும், படலமோ அங்கே பாதிகூட இருக்காது. துரு எப்போதும் ஓரத்திலிருந்தும் வெல்டிங் தையலிலிருந்தும் தொடங்குவது இதனால்தான். கப்பல் கட்டும் இடங்களில் முதலில் சிறு பிரஷ்ஷால் எல்லா ஓரங்களுக்கும் தையல்களுக்கும் தனியாக ஒரு கோட் கொடுத்துவிட்டு, பிறகுதான் முழுப்பரப்பையும் அடிப்பார்கள். பிளேடுக்கும் அப்படியே செய்யலாம். அரை மணி நேர வேலை.

மண்ணை வெட்டும் கீழ்விளிம்புக்கு மட்டும் பெயின்ட் வேண்டாம். அரை நாள் வேலையில் மண் அதைச் சுரண்டிவிடும். உழைக்கும் இரும்பை மண்ணே பளபளப்பாக்கும். கலப்பைக் கொழு உழவு நாட்களில் மின்னுவதும், சும்மா கிடக்கும் மாதங்களில் செந்துரு ஏறுவதும் எல்லோரும் பார்த்ததுதான். அந்தப் பளபளப்பு வெறும் அழகில்லை. அமெரிக்கப் புல்வெளி மண் வார்ப்பிரும்புக் கலப்பையில் அப்பிக்கொண்டு உழவர்களை வதைத்தபோது, 1837-ல் இல்லினாய்ஸ் கொல்லரான ஜான் டீர் மெருகேற்றிய எஃகால் கொழு செய்து கொடுத்தார். மண் வழுக்கி விழுந்தது. அவர் பெயரில் இன்றும் டிராக்டர் ஓடுகிறது. சொரசொரப்பான துருவில் நாகலூரின் ஈரச் செம்மண்ணும் அப்படித்தான் அப்பும். இழுவை கூடும், டீசல் கூடும், அப்பிய மண்ணே அடுத்த துருவுக்கு விதையாகும்.

அந்த விளிம்பைக் கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவுவதே போதும். பழைய இன்ஜின் ஆயிலைத் தடவும் வழக்கம் எங்கும் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். எரிந்து கழிந்த அந்த எண்ணெயில் அமிலமும் உலோகத் துகளும் சேர்ந்திருக்கும், முதல் மழையிலேயே அது காபிச் செடியின் வேருக்கும் ஓடைக்கும் போகும். விளக்கெண்ணெய் அருமையான மாற்று. அதன் மூலக்கூறில் உள்ள கூடுதல் ஹைட்ராக்சில் தொகுதி உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். எளிதில் வழியாது, பிசுக்காக இறுகவும் இறுகாது. ஆமணக்கு சேலம் பக்கத்துக்குப் பழக்கமான பயிர்தானே.

துருப்பிடிக்காத எஃகிலேயே பிளேடு செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை 1981 முதல் அந்த எஃகுத் தகடுகளைத்தான் தயாரிக்கிறது. குரோமியம் பத்தரை சதவீதத்துக்கு மேல் கலந்தால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் உருவாகி, கீறினாலும் உடனே மூடிக்கொள்ளும். பாத்திரத்துக்கு அது பொருத்தம். கல்லும் மண்ணும் மோதும் பிளேடுக்கு வேண்டியது கடினமும் தேய்மானம் தாங்கும் உறுதியும். அதைக் குறைந்த விலையில் தருவது கார்பன் எஃகுதான். அதனால் பெயின்ட் டப்பாவுக்கு ஓய்வில்லை. உலகம் முழுவதும் அரிமானத்தால் ஆகும் இழப்பு மொத்த உற்பத்தி மதிப்பில் 3.4 சதவீதம் என்று 2016-ல் வெளியான சர்வதேச ஆய்வு கணக்கிட்டது. தெரிந்த முறைகளை ஒழுங்காகச் செய்தாலே அதில் கணிசமான பகுதியைத் தவிர்க்கலாம் என்றும் அதே ஆய்வு சொன்னது.

ஆயுத பூஜைக்குக் கருவிகளைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்கும் வழக்கம், வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது. வருடத்தில் ஒரு நாளாவது எல்லா இரும்பும் ஒரு கண் பார்வைக்கு வருவது நல்ல ஏற்பாடு. ஆனால் ஏற்காட்டில் அந்தச் சமயம் ஈரம் மிகுந்தது. கழுவவும் எண்ணெய் தடவவும் ஏற்றது, பெயின்டுக்கு ஏற்றதல்ல. பெயின்ட் வேலைக்குக் காபிப் பறிப்பு முடிந்து கோடை மழை தொடங்குவதற்கு முந்தைய சில வாரங்கள்தான் சரியான காலம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தபோது மண் தள்ளும் இயந்திரங்கள் எவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டன என்பதை மலையில் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தோட்டத்துக்குள்ளும் அப்படி ஒரு நாள் எந்த மழையிலும் வரலாம். வரும் மாசியில் ஷெட் ஓரத்து பிளேடைத் திருப்பிப் போட்டு, முதலில் அதன் பின்புறத்தைக் கழுவுங்கள். உரமூட்டைகளை அதன் பக்கத்திலிருந்து நகர்த்திவிட்டு, பிளேடைத் தரையில் படாமல் இரண்டு மரக்கட்டைகளின் மேல் வையுங்கள்.